அண்ணா, கட்டத்தை மூட மறந்துட்டே

ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் சிட்டு தும்மிவிட்டாள். ஆகவே சௌக்கியம், ஒரு தும்மல் நீங்கலாக. நீ, அண்ணி, பெரியவன், சின்னவன் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி தேவலையா?

போனில் பேசலாம் என்றால் சிட்டு அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். அதனால்தான் மெயிலில் கடிதம். நீயும் ரயிலில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

அவளுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறாள், சொன்னதை எடுத்துக்கொண்டு வருகிறாள், வாயை மட்டும் திறப்பதில்லை. இரண்டு வயது வரை பொறுங்கள் என்கிறார் டாக்டர். எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று அத்தை, "உங்க வீட்டுப் பக்கம் எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்களோ?" என்று கேட்டார். "எங்க அண்ணன் பேச ஆரம்பிச்சவர் இன்னும் நிறுத்தலை அத்தை" என்றேன். உன் மாப்பிள்ளை சோற்றுத் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் வாங்கிய ஒரு ஆஸ்பத்திரிக்காரர் ஸ்கிரீனில் ஒரு பட்டனை இடம் மாற்றச் சொன்னால்கூட, உங்கள் ஆட்கள் புரோகிராமுக்குள் இறங்கி வாரக்கணக்கில் நோண்டுகிறார்கள் என்றாயே. அதற்கு வழி உண்டு. ஸ்கிரீன் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சாதாரணமாக ஒரு கோப்பில் எழுதிவிடலாம்: ஒரு கட்டம், அதற்குள் பெயர் எழுத ஓர் இடம், அதன் கீழே ஒரு பட்டன். அதைச் சொல் சொல்லாகப் படித்து, ஸ்கிரீனைத் தானாகக் கட்டித்தரும் ஒரு பார்சரை நான் எழுதித்தருகிறேன். பட்டனை நகர்த்த வேண்டுமா, கோப்பில் ஒரு வரியைத் தூக்கிக் கீழே போட்டால் போதும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது சரியாக வந்தால் உன் ஆபீசில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்றாயே, நிஜம்தானே? வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒரு வருடம் போனால் என்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். சிட்டுவை விட்டுவிட்டு நாள் முழுக்க வெளியே போகவும் மனசு வரவில்லை. எனக்கு இருப்பது இந்த ஒரு கதவுதான்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் வாலு


ஜனவரி 15

வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. என் முதுகு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை நடத்த மறுக்கிறது. சிட்டுவின் தும்மல் நின்றதா? நீ தெர்மாமீட்டரும் கையுமாக அவள் பின்னாலேயே அலையாதே. பேச்செல்லாம் வரும். முதல் சொல்லே "மாமா"தான், எழுதி வைத்துக்கொள். தினமும் என் போட்டோவைக் காட்டிச் சொல்லிக்கொடு. தொப்பை தெரியாத போட்டோவாகப் பார்த்துக் காட்டு.

வேலை நிஜமா என்று கேட்டிருக்கிறாய். அண்ணன் வாயிலிருந்து வந்ததைச் சந்தேகப்படும் அளவுக்குப் பெரிய மனுஷி ஆகிவிட்டாயா? உன்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கட்டியது யார்? முதலில் செய்து காட்டுவோம். எல்லோரும் வாயைப் பிளந்த பிறகு, "இதை எழுதியது என் தங்கச்சி" என்று நான் சொன்னால் யார் மாட்டேன் என்பார்கள்?

அதுவரை வெளியே யாரிடமும் மூச்சு விடாதே. மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் பரவாயில்லை.

நான் புரோகிராம் எழுதுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். இப்போது மீட்டிங்கில் பேசத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல். சிட்டுவுக்குப் புரிந்தால் எனக்கும் புரியும்.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

இங்கே சிட்டுவுக்கு ஜுரம் வந்து போய்விட்டது. ஜுரம் போன பிறகும் எனக்குப் போகவில்லை, இன்னும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அங்கே பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறதா? அண்ணி தூங்குகிறாரா?

பார்சர் பாதிக்கு மேல் வந்துவிட்டது. நீ கேட்டபடி குழந்தைக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் குட்டிப் புரோகிராம், வைத்திருக்கிறேன். பட்டனைப் படிக்க ஒருத்தி, எழுதும் இடத்தைப் படிக்க ஒருத்தி, கட்டத்தைப் படிக்க ஒருத்தி. கட்டக்காரி "திற" என்ற அடையாளத்தைப் பார்த்ததும் உள்ளே போகிறாள். உள்ளே பட்டன் இருந்தால் பட்டன்காரியைக் கூப்பிடுகிறாள். இன்னொரு கட்டம் இருந்தால்? தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்கிறாள். அதற்குள்ளும் கட்டம் இருந்தால் அங்கேயும் இறங்குகிறாள். எவ்வளவு ஆழம் போனாலும், "மூடு" அடையாளம் வந்ததும் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, எங்கே விட்டாளோ அங்கிருந்து தொடர்கிறாள். விட்ட இடத்தை அவள் மறப்பதே இல்லை. நான்தான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி எடுக்கப்போய், துணியை விட்டுவிட்டு மருந்து கொடுக்க உட்கார்ந்து, தீய்ந்த வாசனை வந்த பிறகு மேலே ஏறி வருகிறேன்.

இதில் ஒரே ஒரு விதி. ஒவ்வொருத்தியும் உள்ளே இறங்குவதற்கு முன்னால் கோப்பிலிருந்து ஒரு சொல்லாவது வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெறுங்கையோடு இறங்கக் கூடாது. அது உனக்கு வேண்டாம், என் கவலை.

தப்பாக எழுதினால் என்ன தப்பு என்று அது சொல்ல வேண்டும் அல்லவா? இப்போதைக்கு நீ ஒருவன்தானே இதை ஓட்டப்போகிறாய். அதனால் எரர் மெசேஜ்களை எல்லாம் உன்னிடம் பேசுவதுபோலவே எழுதிவிட்டேன்.

"அண்ணா, நாலாவது வரியில கட்டத்தைத் திறந்தே, மூட மறந்துட்டே."

"அண்ணா, இந்தப் பட்டனுக்குப் பேரே வைக்கலையே. பேர் இல்லாம யார் இதை அமுக்குவா?"

அதே தப்பை மறுபடி செய்தால் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். செய்துதான் பாரேன்.

தூக்கத்தில் சிட்டு கால் உதைக்கிறாள். எழுந்துவிடுவாள். வருகிறேன்.

உன் வாலு


பிப்ரவரி 10

வாலு,

நாங்கள் நலம். நீ நெற்றியைத் தொடுவதைக் கொஞ்சம் நிறுத்து, குழந்தையின் நெற்றி தேய்ந்துவிடும்.

நீ அனுப்பியதை ஓட்டிப் பார்த்தேன். நான் நாலு வரி எழுதினேன், ஸ்கிரீன் எழுந்து நின்றது! என்னால் நம்ப முடியவில்லை. கட்டத்தை மூட மறந்தேன், திட்டு வாங்கினேன். மறுபடி மறந்தேன், "அண்ணா, மறுபடியுமா? சின்ன வயசுல ஃபிரிட்ஜ் கதவையும் இப்படித்தானே விடுவே" என்று வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்ததில் பக்கத்து சீட்டுப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். அண்ணிக்கும் காட்டினேன். "இருபது வருஷமா நான் சொல்றது கேக்கலை, கம்ப்யூட்டர் சொன்னா கேக்குதா?" என்கிறாள்.

இன்னும் சில வேண்டும். தேதி போடும் இடம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல், ஒரே கட்டத்துக்குப் பெயர் வைத்து வேறு ஸ்கிரீனிலும் பயன்படுத்துவது. மார்ச் முதல் வாரத்துக்குள் முடியுமா? மூன்றாவது வாரம் டைரக்டர் முன்னால் டெமோ வைக்கப் பார்க்கிறேன்.

பழைய ஆபீசிலிருந்து உன்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று அத்தை அண்ணியிடம் சொன்னாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? அங்கே போய் எதற்கு? தினமும் போக வர வேண்டும், குழந்தை ஏங்கிப்போகும். ரெண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. இங்கே நான் இருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் ஒரு பெரிய கும்பிடு. இங்கே நலம். சிட்டுவுக்குப் பல் வருகிறது, சொல்தான் வரவில்லை. உன் போட்டோவைக் காட்டினால் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறாள். "மாமா" என்று நான் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். தேதி, பட்டியல், பெயர் வைத்த கட்டம் எல்லாம் இதோடு வருகிறது. பெயர் வைத்த கட்டம் ஒரு வாரம் என் உயிரை வாங்கியது. கடைசியில் சிட்டுவைக் குளிப்பாட்டும்போது விடை வந்தது. அவளை விட்டுவிட்டுச் சோப்புக் கையோடு ஓடிவந்தால் விழுந்துவிடுவாளே என்று, துவட்டிப் பவுடர் போட்டு முடிக்கும் வரை அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம். முதல் சொல் "கட்டம்" என்று வந்தால் என்னைக் குறை சொல்லாதே.

டெமோவுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எரர் மெசேஜ்களை நான் பொதுவாக மாற்றித்தருகிறேன். டைரக்டர் முன்னால் "அண்ணா" என்று வந்தால் நன்றாக இருக்காது. தேதி முடிவானதும் சொல், ஒரு நாளில் மாற்றி அனுப்பிவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஆபீஸ் மேடம் நேற்று மறுபடி கூப்பிட்டார்கள். "இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லும்மா, இல்லேன்னா வேற ஆள் எடுத்துடுவோம்" என்றார்கள். உன் மாப்பிள்ளை, "போறதுன்னா போ, அம்மா பாத்துக்குவாங்க" என்றார். அத்தையும் சரி என்றுதான் சொன்னார், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. நீ சொன்னதை நினைத்து, வரவில்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு, மடித்து வைத்த துணியையே மறுபடி மடித்தேன். நான் செய்தது சரிதானே, அண்ணா?

உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்

வாலு


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணா,

நலமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் மீட்டிங் என்று வருகிறது. முதுகு படுத்துகிறதோ என்று கவலையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையே?

டெமோ தள்ளிப்போய்விட்டதா? தேதி சொன்னால் மெசேஜ்களை மாற்றித்தருகிறேன் என்று எழுதியிருந்தேன், கிடைத்ததா? அல்லது பார்சரில் ஏதாவது தப்பா? தப்பு என்றால் எந்தக் கோப்பைக் கொடுத்தீர்கள் என்று அனுப்பு, அன்றைக்கே பார்த்துவிடுகிறேன். உங்களுக்குத் தொந்தரவாக இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"என்னம்மா, அண்ணன்கிட்டேர்ந்து ஏதாவது?" என்று அத்தை தினமும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் கேட்பதுபோல இருக்கிறது.

சிட்டு நலம். ஒரு வரி போடு, போதும்.

வாலு


ஏப்ரல் 19

வாலு,

மன்னித்துக்கொள். வேலை கழுத்துவரை. இங்கே எல்லோரும் நலம். சிட்டு பேசினாளா?

டெமோ போன மாதக் கடைசியிலேயே திடீரென்று வைத்துவிட்டார்கள். உனக்குச் சொல்ல நேரம் இல்லை. நல்லபடியாகத்தான் போனது. நடுவில் சின்னதாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். உன் உழைப்பு வீண்போகவில்லை.

வேலை விஷயமாக மேலே பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உனக்கு என்று இல்லை, யாரையுமே எடுக்கவில்லை. பொறுத்துப் பார்ப்போம். குழந்தையும் சின்னதுதானே, என்ன அவசரம்?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மே 5

என் செல்ல நாத்தனாருக்கு,

அண்ணி ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. என் தங்கம் சிட்டு எப்படி இருக்கிறாள்? நீ சாப்பிடுகிறாயா? போன தடவை வீடியோவில் பார்த்தபோது கழுத்து எலும்பு தெரிந்தது. நான் சொல்லித் தொலைத்தேன், நீ கேட்டுத் தொலை.

உன் அண்ணனுக்குக் கடிதம் எழுதத் தெரியும், விஷயம் எழுதத் தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன். ஆபீசில் நாற்பது வயது தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்று ஒரு லிஸ்ட் போட்டிருந்தார்கள். அதில் இவர் பெயரும் இருந்தது. டிசம்பரிலிருந்தே எங்களுக்குத் தெரியும், உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிவிட்டார். ராத்திரி எழுந்து ஹாலில் உட்கார்ந்திருப்பார். இப்போது லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்! அது மட்டுமில்லை, அந்த ஸ்கிரீன் கட்டும் வேலைக்கு இவரையே தலைவராகப் போட்டுவிட்டார்கள். எல்லாம் அந்த பார்சர் செய்த புண்ணியம். மனுஷர் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதினாரே, எனக்கே ஆச்சரியம்.

உன் பங்கையும் நாங்கள் மறக்கவில்லை. டெமோ கதையைச் சொன்னாரா? டைரக்டர் முன்னால் இவர் டைப் பண்ணிக் காட்டுகிறார், ஸ்கிரீனில் பெரிசாக "அண்ணா, கட்டத்தை மூட மறந்துட்டே" என்று வந்ததாம்! அவசரத்தில் திரும்பவும் மறந்திருக்கிறார், உடனே "மறுபடியுமா? சின்ன வயசுல ஃபிரிட்ஜ் கதவையும்" என்று அது வேறு. ரூம் முழுக்கச் சிரிப்பாம். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருய்யா இந்தத் தங்கச்சி?" என்று கேட்டாராம். இவர் சமாளித்து, "வீட்ல சும்மாதான் சார் இருக்கா, மெசேஜ் மட்டும் அவளை எழுதச் சொன்னேன், மத்ததெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்" என்றாராம். டைரக்டருக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், "இப்படிப் பேசத் தெரிஞ்ச பொண்ணை விடாதே, வீட்லேர்ந்தே வேலை பாக்கட்டும், நாளைக்கே வரச்சொல்லு" என்றே சொல்லிவிட்டாராம்.

நீ வேண்டாம் என்றது எனக்கு முதலில் வருத்தம்தான். "குழந்தை சின்னது, அவ வரமாட்டா சார்" என்று இவர் சொன்னதும், டைரக்டர் ரொம்ப வற்புறுத்தினாராம். யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. வேலை எங்கே போகிறது? சிட்டு வளரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு.

அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் மூவரும், அத்தையும், நலம். நான் சாப்பிடுகிறேன். கழுத்து எலும்பு பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அண்ணன் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்தது பெரிய நிம்மதி. நீங்கள் இத்தனை மாதம் மனசுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் இருந்தீர்களோ. எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடித்திருப்பேன்.

மெசேஜ் எல்லாம் நான் எழுதியதுதான் அண்ணி. ஆமாம், சிட்டு சின்னவள்தான்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 12

அன்பு வாலுவுக்கு,

எப்படி இருக்கிறாய்? ஒரு மாதமாக உன்னிடமிருந்து சத்தமே இல்லை. கோபமா? சிட்டு "மாமா" சொன்னாளா? இங்கே அண்ணி, பிள்ளைகள், நான் எல்லோரும் நலம்.

அவசரமாக ஒரு உதவி. நம்ம பார்சரை நாலு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கிறோம். அதில் ஒருவர், பக்கத்துப் பக்கத்தில் எத்தனை பட்டன் வேண்டுமானாலும் வைக்க முடிய வேண்டும் என்று கேட்டார். சின்ன விஷயம்தானே, உன்னை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நானே சேர்த்தேன். "பட்டன் வரிசை என்றால், முதலில் ஒரு பட்டன் வரிசை, அதன் பக்கத்தில் ஒரு பட்டன்" என்று எழுதினேன். படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டியதும் அப்படியே நின்று, கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுகிறது. எரர் மெசேஜும் இல்லை. அண்ணா என்றுகூடக் கூப்பிடாமல் செத்துப்போகிறது! எங்கள் ஆட்கள் பார்க்கட்டுமா என்றால், நான் எழுதியதை நானே விளக்க முடியவில்லை என்றாகிவிடும். அடுத்த வாரம் டைரக்டரே அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார். நீ பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது சந்தோஷமான விஷயம். உன் மெசேஜ்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டன. "தங்கச்சி மாதிரி பேசுற சாஃப்ட்வேர்" என்றே சொல்லி விற்கிறார்கள். புதிதாக இன்னும் கொஞ்சம் எழுதிக்கொடு. கிண்டல், செல்லக் கோபம், அந்த மாதிரி. உனக்கு என்ன, அரை மணி வேலை.

அண்ணன்


ஜூன் 16

வாலு,

எல்லோரும் நலம். நீ?

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். மாப்பிள்ளையிடம் கேட்டால், "அவ கிட்டயே கேளுங்க" என்று வைத்துவிட்டார். அண்ணி ஏதாவது எழுதினாளா? அவள் எழுதியதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நேரில் சொல்கிறேன். அன்றைக்கு என் நிலைமை வேறு.

அந்த வரிசையை மட்டும் பார். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணா


ஜூன் 17

அண்ணாவுக்கு,

நீங்கள், அண்ணி, பிள்ளைகள் நலம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே இருங்கள். இங்கேயும் யாருக்கும் ஒன்றும் இல்லை.

சிட்டு பேச ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் சொன்னதுபோல முதல் சொல் "மாமா"தான். சிலிண்டர் கொண்டுவருபவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மருந்துக்கடைக்காரரை. இப்போது எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுபவரையும். நான் திருத்தவில்லை. டாக்டர், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

உங்கள் வரிசையைப் பார்த்தேன். அதைப் படிக்கும் ஃபங்ஷன், முதல் வேலையாகத் தன்னையே கூப்பிடுகிறது. அதுவும் முதல் வேலையாகத் தன்னையே கூப்பிடுகிறது. கோப்பிலிருந்து ஒரு சொல்லும் வாங்காமல், வெறுங்கையோடு, இறங்கிக்கொண்டே இருக்கிறது. வாங்கினால்தானே முடிவு வரும், முடிவு வந்தால்தானே மேலே ஏறும்? பிப்ரவரியில் இந்த ஒரு விதியை எழுதியிருந்தேன். உங்களுக்கு வேண்டாம் என்றும் நானேதான் எழுதியிருந்தேன்.

சரிசெய்தது இதுதான்: முதலில் ஒரு பட்டனைப் படிக்க வேண்டும். அடுத்ததும் பட்டனாக இருந்தால் அதையும் படிக்க வேண்டும். பட்டன் இல்லாத சொல் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள், நீங்களே புரிந்துகொண்டு செய்ததுபோல இருக்கும். முழுக் கோப்பையும் அனுப்பியிருக்கிறேன். ஓடும்.

போன வாரம் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். என் இடத்தில் கல்லூரி முடித்து வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மேடம் காபி கொடுத்துவிட்டு, வேறு பிரிவில் இருக்கும் ஒரு சாரிடம் அனுப்பினார்கள். அவர் நல்ல மனுஷர். "ரெண்டு வருஷம் இடைவெளி இருக்கே, என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க? ஏதாவது எழுதியிருந்தா காட்டுங்களேன்" என்றார். லேப்டாப் பையிலேயேதான் இருந்தது. திறந்தால் அதில் இருப்பது உங்கள் கம்பெனி நாலு ஆஸ்பத்திரிக்கு விற்ற சரக்கு, நீங்கள் எழுதியது. பையைத் திறக்கவில்லை. "மெசேஜ் எழுதிக்கிட்டிருந்தேன் சார்" என்றேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

லிஸ்ட் விஷயத்தை ஜனவரியிலேயே என்னிடம் சொல்லியிருந்தால், நானே எழுதி, நீங்களே எழுதியது என்று கையில் கொடுத்திருப்பேன். பழைய ஆபீசுக்கும் சரி என்று சொல்லியிருப்பேன். டைரக்டரிடம் நான் வரமாட்டேன் என்று சொன்னீர்களே, அந்த ஒன்றை மட்டும் என்னைக் கேட்டிருக்கலாம்.

அண்ணியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். நான் எழுதியது மெசேஜ் மட்டும்தான் என்று டெமோவில் சொன்னீர்களாம். சரி, என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் உங்களுடையது, அப்படியே இருக்கிறது. இனி அது, "வரி நான்கு: கட்டம் மூடப்படவில்லை" என்று மட்டும் சொல்லும். இரண்டாவது தடவை மறந்தாலும் அதையே சொல்லும்.

டைரக்டர் கேட்டால் பழையபடி சேர்த்துக்கொள்ளலாம். கஷ்டமில்லை, அரை மணி வேலை. ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் "அண்ணா" என்று நீங்களே உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா